ஏழாவது கேள்வி

புளியரை சோதனைச் சாவடியில்
கோழி லாரியின் டயருக்கு மருந்தடிக்கிறார்கள்.
நனைந்த சக்கரம் நாலு சுற்று போனதும்
காய்ந்துவிடுகிறது.
அதைப் பார்த்தபடிதான் தினமும்
பஸ்ஸிலிருந்து இறங்குவேன்,
தோளில் ஐஸ் பெட்டி,
பெட்டிக்குள் குழாய் குழாயாய்ப்
பிள்ளைகளின் மூக்கு.

மைமூன் வீட்டில் இரட்டை.
ஒரே பாய், ஒரே டம்ளர்,
ஒரே துண்டில் இரண்டு மூக்கையும் துடைப்பாள்.
வந்த வைரஸும் ஒன்றுதான்.
ஆபிதா இரண்டு நாள் ஒழுகினாள்,
மூன்றாம் நாள் கோழியைத் துரத்தினாள்.
அஜ்மலுக்கு விலா உள்வாங்கி
மூச்சுக்கு மூச்சு தொண்டைக்குழி பள்ளம் விழுந்து
தென்காசி ஆஸ்பத்திரியில்
ஐந்து இரவு ஆக்சிஜன்.

"ரெண்டு பேருக்கும் பனிதான்" என்றாள்.
மலைக்கு அந்தப் பக்கம் முந்திரி ஆலையில்
பழகிய நாக்கு.
அங்கே பனி என்றால் காய்ச்சல்.
இங்கே, விடியலில் தகரக் கூரையில் நிற்பது.
மூக்குக்கு மட்டும்
இரண்டு பக்கமும் ஒரே சொல்.

அந்த ஒரு சொல்லுக்குள்
எத்தனை குடித்தனம் என்று
போன வருஷம்வரை எனக்கும் தெரியாது.
திருநெல்வேலி லேபில் தட்டுகளைத் திறந்து காட்டினார்கள்.
ஆபிதாவின் தட்டில் ரவை சிந்தினாற்போல்
சாம்பல் வெள்ளைப் புள்ளிகள்,
யாரையும் தொந்தரவு செய்யாத பழைய குடிகள்.
அஜ்மலின் தட்டில்
நடுவே குழிந்த சின்னச் சின்ன வட்டங்கள்.
சுற்றிலும், தட்டில் ஊற்றிய ரத்தம்
பச்சையாய்க் கரைந்திருந்தது.

சாவடியில் நிற்பவர் சீட்டைப் பார்ப்பார்.
சரக்கு எங்கே இறங்கும் என்பதை
எதிர்த்த டீக்கடை பெஞ்சு முடிவு செய்யும்.
வைரஸ் கதவை உடைக்கிறது.
உடைந்த கதவுக்குப்
பலகை கொண்டு வருபவர் உண்டு,
சாக்கு கொண்டு வருபவரும் உண்டு.

இப்படிச் சொன்னால்
டாக்டர் கோமளவல்லிக்குக் கோபம் வரும்.
"முன்னாடியே சாக்கோட நின்னாங்களா,
சத்தம் கேட்டு வந்தாங்களா,
ஒரு குச்சிய வச்சிச் சொல்லாதே."
சரி.
சொல்லவில்லை.

ஏழாவது கேள்வி:
கடந்த முப்பது நாளில்
ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா?

மைமூன் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.
அடியில் ஒரு விரல் உயரம் ஆரஞ்சு.
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாங்கியதில் மிச்சம்.
"சும்மா சளிக்குத்தான் குடுத்தேன்.
இவன் குடிச்சிட்டான்.
அவ துப்பிட்டா."
பிறகு என் பேனாவைப் பார்த்தாள்.
"அதனாலயா?"

பெட்டிக்குள் ஐஸ் நகர்ந்து சத்தமிட்டது.
ஆயிரம் பிள்ளைகளைக் கேட்டால்
ஒரு கோடு தெரியலாம்.
ஒரு பிள்ளையிடம் கோடு கிடையாது,
இருப்பது இரண்டு துளை, கொஞ்சம் சளி,
அம்மாவின் சேலை நுனி.
"தெரியாதுக்கா" என்றேன்.
அது உண்மை.
'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன்.
அதுவும்.

குச்சி நுழைந்ததும் அஜ்மல்
என் முகத்தில் தும்மினான்.
ஆபிதா கைதட்டினாள்.
மைமூன் சிரிக்கப் போய், நிறுத்தி,
பாட்டிலைத் திருகித் திருகி மூடினாள்,
ஏற்கெனவே மூடியிருந்ததை.

திரும்பும் பஸ்ஸில் தொண்டை கரகரத்தது.
அன்றைக்கே வராது, தெரியும்.
ஆனாலும் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன்.
வெளியே மருந்தடிக்கிறவர்
முழங்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.
இருநூற்றுப் பதினோரு பெயர் எழுதியிருக்கிறேன் குழாய்களில்.
என் பெயரில்
இதுவரை ஒன்றுகூட இல்லை.